கப்பலில் வந்தோர் குடிமக்களான கதை



நம் சங்கத்தின் பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, நம் முன்னோர்கள் பினாங்குக்கு எப்படி வந்தார்கள் என்று எழுதச் சொன்னார்கள். வந்த கதை நம் மலர்களில் பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அவர்கள் எப்படி இங்கேயே தங்கினார்கள், தங்குவதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது அவ்வளவாக எழுதப்படவில்லை. அதை எழுத முயல்கிறேன்.

நான் வரலாறு படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்துவிட்டு அத்தாவின் கடையில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது கணக்குப் பார்ப்பது. ஆகவே வியாபாரி கணக்குப் பார்ப்பதைப் போலவே இந்தக் கதையையும் பார்த்திருக்கிறேன். பிழையிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பாட்டனாரை நாங்கள் நன்னா என்று அழைப்போம். அவர் மவுத்தான பிறகு அவருடைய தகரப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் துணிமணி ஒன்றும் பெரிதாக இல்லை. இந்தியக் கடப்பிதழ் ஒன்று, ஓரம் மடங்கிய சிவப்பு அடையாள அட்டை ஒன்று, குடியுரிமைப் பத்திரம் ஒன்று, கட்டுக்கட்டாகக் கடிதங்கள், சில பழைய நோட்டுகள். எல்லாம் ஒரே மனிதருடையவை. அவர் வேலை பார்த்த தெரு கடைசிவரை சூலியா தெருதான். தெரு மாறவில்லை, அவரைச் சுற்றி நாடுகள் மாறின.

ஒரே ஆட்சியின் இரண்டு கரைகள்

பிரான்சிஸ் லைட் 1786-ல் பினாங்கில் கொடி ஏற்றியபோது, சோழமண்டலக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் ஏற்கெனவே கெடாவில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரன் நம்மைக் கொண்டுவந்தான் என்று சிலர் சொல்வது தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் பெருமளவு உண்மை. நம் வணிகர்களைப் பொறுத்தவரை அது முழு உண்மையன்று. அவர்கள் பழகிய கடலில், பழகிய காற்றில், புதிதாகத் திறந்த ஒரு துறைமுகத்துக்கு இடம் மாறினார்கள். அங்கே சுங்கவரி இல்லை என்பது அவர்களுக்குப் போதுமான காரணமாக இருந்தது.

ஆண்டுதோறும் அந்தக் கரையிலிருந்து 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து போகிறார்கள் என்று லைட் 1794-ல் எழுதியிருக்கிறார். ‘வந்து போகிறார்கள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். சம்பாதித்துக்கொண்டு திரும்பிவிடுவதுதான் வழக்கம். 1801-ல் காதர் முகைதீன் அவர்கள் கப்பித்தானாக இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனி 18 ஏக்கர் நிலத்தைப் பள்ளிவாசலுக்காக வழங்கியது. அதுவே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் தர்காவும் எழுந்தது. கிங் தெருவின் ஒரு பகுதியை நம்மவர்கள் படகுக்காரத் தெரு என்றே அழைத்தார்கள். பள்ளிவாசலும் தர்காவும் அடக்கத்தலமும் இங்கே இருந்தன. மனைவியும் மக்களும் மட்டும் அங்கே இருந்தார்கள்.

இந்த ஏற்பாடு நூறாண்டுகளுக்கு மேல் நீடித்ததற்குக் காரணம் உண்டு. 1867 வரை பினாங்கை ஆண்டது இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் அரசாங்கமே. அதன்பிறகு லண்டனின் காலனி அலுவலகத்துக்குப் பினாங்கு மாறியபோதும் கொடி மாறவில்லை. நாகப்பட்டினத்தில் ஏறுபவரும் பினாங்கில் இறங்குபவரும் ஒரே மன்னரின் பிரஜைதான். எந்த நாட்டவன் என்று அவரை யாரும் கேட்கவில்லை. உடம்புக்கு நோயில்லை என்பதைத்தான் பார்த்தார்கள். அதற்காக ஜெரெஜாக் தீவில் சில நாள் நிறுத்திவைப்பதும் உண்டு.

நன்னா இராமநாதபுரம் கரையோரத்துக் கிராமத்திலிருந்து 1938-ல் வந்தார். வயது பதினான்கு. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ரஜூலா கப்பலில் மேல்தளப் பயணம். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரை மேல்தளத்தில் ஏற்ற அனுமதி இருந்தது. அதே ஆண்டில்தான் தோட்டத் தொழிலாளர்களை உதவித் திட்டத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. கடைக்கு வருவோரை அந்தத் தடை தொடவில்லை. ஊர்க்காரர் ஒருவர் சூலியா தெருவில் மொத்த வியாபாரக் கடை வைத்திருந்தார். அவர் பெயரைச் சொன்னால் போதும், துறைமுகத்திலிருந்து வழி காட்டுவார்கள்.

அந்தக் காலத்துக் கடை என்பது வெறும் கடை அன்று. இரவில் பாய் விரித்துப் படுக்கும் இடம் அதுவே. ஊருக்குக் கடிதம் எழுத முகவரி அதுவே. சம்பளத்தைக் கையில் வாங்காமல் முதலாளியின் பேரேட்டில் ஏற்றிவைத்து, ஊருக்குப் பணம் அனுப்புவதும் அதன் வழியாகவே. நோயென்றால் பார்ப்பதும், மவுத்தானால் குளிப்பாட்டி கஃபனிட்டு அடக்குவதும் கடைக்காரர்களே. மூன்றாண்டு இங்கே, ஒன்றரை ஆண்டு ஊரில் என்று சபுராளியின் வாழ்க்கை ஓடியது.

கொடி இறங்கிய நாள்

1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட்டன. முதலில் ஜனங்கள் பயந்து ஓடவில்லை. தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். நம் விமானங்கள் என்றே பலர் நினைத்தார்களாம். கடைத்தெருக்களில் ஏராளமானோர் மாண்டார்கள். நன்னா ஒரு சாக்குமூட்டை அடுக்குக்குப் பின்னால் இருந்ததால் தப்பினார். அவருடன் ஒரே பாயில் படுத்த ஊர்ப் பையன் ஒருவன் தப்பவில்லை. அவனுடைய தாய்க்குக் கடிதம் எழுத நன்னாவுக்குப் பல வருடம் மனம் வரவில்லை என்று அத்தா சொல்வார்.

சில நாட்களில் வெள்ளைக்காரர்கள் தங்கள் குடும்பத்தாரை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தீவை விட்டுப் போய்விட்டார்கள். உள்ளூர் மக்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. அதனால் குண்டுவீச்சும் நிற்கவில்லை. அந்தக் கொடியை இறக்கியவர் ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ பத்திரிகையின் ஆசிரியர் சரவணமுத்து என்ற இலங்கைத் தமிழர். இங்கே ராணுவம் இல்லை, குண்டு போடாதீர்கள் என்று வானொலியிலும் அறிவிக்கச் செய்தார். டிசம்பர் 19-ல் ஜப்பானியர் நுழைந்தார்கள்.

நூற்றைம்பது ஆண்டு பறந்த கொடியை ஏற்றியவர்களே இறக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது நம் பெரியவர்கள் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. பேரரசின் முடிவு 1957-ல் நடந்ததாகப் புத்தகங்கள் சொல்லும். சூலியா தெருவில் அது அந்த டிசம்பர் வாரத்திலேயே நடந்துவிட்டது.

அடுத்த மூன்றரை ஆண்டுகள் கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணம் அனுப்ப வழியில்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு மூட்டைக் கணக்கில் புழங்கியது. ஊரில் இருந்தவர்களுக்கு இங்கே இருந்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. 1945 செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கடற்படை திரும்பி வந்தது. ஜப்பான் நோட்டு அன்றே வெறும் காகிதமானது. வியாபாரத்தில் கிடைத்ததை நோட்டாகச் சேர்த்தவர்கள் ஒரே நாளில் வெறுங்கையரானார்கள். நன்னாவின் முதலாளி கொஞ்சம் துணி மூட்டைகளை விற்காமல் வைத்திருந்தார். கடை பிழைத்தது அதனால்தான்.

கதவை மூடியது யார்?

போருக்குப் பின் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்மவர்கள் எண்ணினார்கள். கப்பல் மீண்டும் ஓடியது. நன்னா 1947 ஜனவரியில் ஊருக்குப் போனார், கல்யாணம் முடித்தார். அவர் ஊரில் இருக்கும்போதே, ஆகஸ்டில் இந்தியா சுதந்திரம் அடைந்தது, பாகிஸ்தான் பிரிந்தது. 1948 ஜூனில் திரும்பி வந்தபோது இங்கும் எல்லாம் மாறியிருந்தது. நீரிணைக் குடியேற்றங்கள் 1946-லேயே கலைக்கப்பட்டு, மலாயன் யூனியன் வந்து, அதுவும் எதிர்ப்பால் போய், 1948 பிப்ரவரியில் மலாயா கூட்டரசு வந்துவிட்டது. பினாங்கு அதில் ஒரு பகுதி. அந்த ஆண்டு இறுதியில், கூட்டரசிலிருந்து பினாங்கைப் பிரித்துப் பழையபடி பிரிட்டிஷ் ஆட்சியில் வைக்க வேண்டும் என்று இங்குள்ள வணிகர் பலர் இயக்கம் நடத்தினர். அது வெற்றிபெறவில்லை. பழைய வாசல் திறந்தே இருக்கும் என்ற நம்பிக்கையின் கடைசி முயற்சி அது.

நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு. “வெள்ளைக்காரன் காலத்துல பாஸ்போர்ட் உண்டா, பர்மிட் உண்டா? கப்பல் ஏறினோம், வந்தோம். மெர்டேக்கா வந்துதான் எல்லாம் போச்சு.” சிறுவயதில் நானும் இதை நம்பினேன். தேதிகளைப் பார்த்தால் இது சரியில்லை. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948-ல் அடையாள அட்டைப் பதிவைத் தொடங்கியது பிரிட்டிஷ் ஆட்சி. புதியவர்கள் வருவதை மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குடிநுழைவுச் சட்டம் 1953 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது. மெர்டேக்காவுக்கு நான்கு ஆண்டுகள் முன்பு! கதவை மூடியது பிரிட்டிஷ் அரசே. சுதந்திர மலாயா அந்தத் தாழ்ப்பாளை வைத்துக்கொண்டது, பின்னர் இறுக்கியது.

இதைச் சொல்வது யாரையும் குறைகூற அல்ல. கடலைத் திறந்து வைத்தது நம்மீதுள்ள அன்பால் அன்று என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். துறைமுகத்துக்கு ஆள் தேவைப்பட்டது, கடைக்கு வியாபாரி தேவைப்பட்டார், வாசல் திறந்திருந்தது. தேவை குறைந்தது, மூடினார்கள். நம் பெரியவர்களின் ஏக்கம் புரிகிறது. ஆனால் அது ஆட்சிக்கான ஏக்கம் அன்று. வீட்டையும் கடையையும் ஒரே ஆயுளில் வைத்திருக்க முடிந்த காலத்துக்கான ஏக்கம்.

கணக்கில் குறைந்த நான்கு மாதங்கள்

1957 ஆகஸ்டு 31-ல் மெர்டேக்கா. அரசியலமைப்பு, பிறநாட்டில் பிறந்து இங்கு வாழ்ந்தவர்களுக்கும் குடியுரிமைக்கு வழி வைத்தது. மெர்டேக்கா தினத்தன்று இந்நாட்டில் வசித்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தை, இங்கேயே நிலையாக இருக்கும் எண்ணம், ஓரளவு மலாய் ஆகியவையும் வேண்டும். மலாய் நம்மவர்களுக்குச் சிரமமே இல்லை. சந்தையில் அதைத்தான் பேசினார்கள். சிரமம் அந்தப் பன்னிரண்டுக்கு எட்டில்தான் இருந்தது.

மூன்றாண்டு இங்கே, ஒன்றரை ஆண்டு அங்கே என்ற சபுராளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டில் இங்கிருந்தது சரியாக எட்டு, அங்கிருந்தது நான்கு. ஒரு பயணம் கொஞ்சம் நீண்டாலும் கணக்கு உதைக்கும்.

நன்னா 1958 இறுதியில் விண்ணப்பித்தார். அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டில் மூன்று முறை ஊருக்குப் போயிருந்தார். முதல் முறை 17 மாதம், கல்யாணத்துக்கு. இரண்டாம் முறையும் 17 மாதம். மூன்றாம் முறை 14 மாதத்தில் திரும்ப நினைத்துப் போனவர், தாயார் படுக்கையில் விழுந்ததால் 18 மாதம் தங்கினார். மொத்தம் 52 மாதம். இருக்கக்கூடியது 48. தாய்க்குப் பணிவிடை செய்த நான்கு மாதம் அவர் கணக்கில் குறைந்தது.

கடைத்தெருவில் மனு எழுதித் தருபவர் ஒருவர் வழி சொன்னாராம்: “பாய், ஊருக்குப் போகாம இருங்க. பழைய மாசம் கழிஞ்சுரும், புது மாசம் சேரும்.” நன்னா அப்படியே இருந்தார். பிறந்த மகனின் முகத்தைச் சில மாதமே பார்த்துவிட்டு வந்தவர், ஆண்டுகள் கணக்கில் ஊர்ப்பக்கம் போகவில்லை. 1960-ல் குடியுரிமைப் பத்திரம் கிடைத்தது. சிவப்பு அட்டை நீல அட்டையானது. 1961-ல் ரஜூலாவில் நன்னியும், ஐந்து வயதான என் அத்தாவும் பினாங்கு வந்தார்கள்.

அவர்களுடன் வராத ஒருவர் உண்டு. அத்தாவின் அக்கா. அப்போது பதின்மூன்று வயது. நன்னாவின் தாயார் இன்னும் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஒரு பெண் வேண்டும். “அடுத்த கப்பலுக்கு வந்துருவா” என்று நன்னா நன்னியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த கப்பலும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. பாட்டி உயிரோடு இருந்தவரை பேத்தி வர முடியவில்லை. அவர் காலமானபோது பேத்திக்கு அங்கேயே நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள். பிறகு அவர் வேறு நாட்டுப் பிரஜை, வேறொருவரின் மனைவி.

நன்னி ஒவ்வொரு நோன்புப் பெருநாளிலும் ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைப்பார் என்றும், யாருக்கு என்று யாரும் கேட்டதில்லை என்றும் அத்தா சொல்வார். நம் சங்கத்தில் இப்படியொரு கதை இல்லாத குடும்பம் எத்தனை இருக்கும்? அக்கரையில் ஓர் அக்கா, ஓர் அண்ணன், சில வீடுகளில் ஒரு மூத்த மனைவி. தங்கியவர்களின் கதையை எழுதும்போது, நாம் தங்குவதற்காக அங்கே தங்கியவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எண்பத்தைந்து காசு

பேரரசின் முடிவை நம் வியாபாரிகள் பணப்பெட்டியிலும் பார்த்தார்கள். 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் என்றிருந்தது இரண்டரை ரூபாயை நெருங்கியது. இங்கிருந்து பணம் அனுப்புவோர் மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டு நம் பக்கம் அடி விழுந்தது.

1967 ஜூன் 12 அன்று மலேசியா தன் சொந்த நாணயத்தை வெளியிட்டது. காலனிக் கால நோட்டும் புது நோட்டும் ஒரே மதிப்பில் சேர்ந்து புழங்கின. பழைய நோட்டு பிரிட்டிஷ் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. நவம்பர் 18-ல் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது. புது வெள்ளி அசையவில்லை. பழைய ஒரு வெள்ளி 85 காசானது.

வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்களைவிட, பெட்டியிலும் தலையணையிலும் நோட்டு வைத்திருந்த எளியவர்களுக்கே அடி அதிகம். நவம்பர் 24-ல் பினாங்கில் கடையடைப்பு நடந்தது. அது கலவரமாகி, உயிர்ச்சேதமும் ஊரடங்கும் ஏற்பட்டன. நன்னா மகளின் கல்யாணத்துக்கு என்று 1,200 வெள்ளி பழைய நோட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். 180 வெள்ளி ஒரே நாளில் போயிற்று. அந்தப் பழைய நோட்டுகளில் சிலவற்றை அவர் மாற்றவே இல்லை. பெட்டியில் இருந்தவை அவைதான். கோபத்தில் வைத்தாரா, நினைவுக்காக வைத்தாரா என்று இப்போது யாரிடம் கேட்பது?

கடை செய்ததைச் சங்கம் செய்தது

அதன்பின் வந்த சில ஆண்டுகள்தான் நம் சமூகத்தைத் திருப்பிப் போட்டன. குடிமக்கள் அல்லாதோர் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் 1968-ல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அட்டையோடு இருபது, முப்பது ஆண்டு உழைத்தவர்களும் அதில் அகப்பட்டார்கள். நாடெங்கிலுமிருந்து பல்லாயிரம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். நன்னாவோடு சூலியா தெருவில் இருந்தவர்களில் பலர், ‘இன்னும் இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடப் போகிறோம், எதற்குக் குடியுரிமை’ என்று 1957-ல் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள். அப்போது போக மனமில்லாமல் போனார்கள்.

1969-ல் மே கலவரம். அதே ஆண்டு பினாங்கு தன் வரியில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. லைட் காலத்திலிருந்து நம் வியாபாரம் நின்றிருந்த அடித்தளம் அது. துறைமுக வேலையும் மாறியது. நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குத் தொங்காங்கில் சரக்கு ஏற்றி இறக்கி வாழ்ந்த நம்மவர்களின் பிழைப்பு, பட்டர்வொர்த்தில் கப்பல்கள் நேரே கரை சேர ஆழ்துறை வந்ததும் சுருங்கியது. கிட்டங்கிகள் காலியாகின. 1972-ல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் திறந்தது. கடைக்கு வெளியே வேலை பார்த்தறியாத குடும்பங்களின் பெண் மக்கள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள். முணுமுணுத்த பெரியவர்களே மாத இறுதியில் அவர்கள் கொண்டுவந்த சம்பளத்தில் அரிசி வாங்கினார்கள்.

நம் சங்கம் தோன்றியது இந்தக் காலத்தில்தான். இது தற்செயல் அன்று என்பது என் எண்ணம். அதுவரை மனிதனைத் தாங்கியது கடை. முகவரி, படுக்கை, கடன், ஜனாஸா எல்லாம் கடையின் பொறுப்பு. கடைகள் மூடின, முதலாளிகள் ஊர் திரும்பினார்கள், குடும்பங்கள் இங்கே வந்து சேர்ந்தன. தனி ஆளுக்குக் கடை போதும், குடும்பத்துக்குப் போதாது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், பெண்ணுக்கு மாப்பிள்ளை வேண்டும், விதவைக்கு மாத உதவி வேண்டும், மவுத்துக்கு நாலு பேர் வேண்டும். சங்கத்தின் முதல் நிதி ஜனாஸா நிதி என்று மூத்த உறுப்பினர்கள் சொல்கிறார்கள். இங்கேயே அடங்கப்போகிறோம் என்று முடிவு செய்தவர்களே அடக்கச் செலவுக்குச் சந்தா கட்டுவார்கள். ஆகவே அந்த முதல் சந்தாப் பற்றுச்சீட்டை நான் இன்னொரு குடியுரிமைப் பத்திரமாகவே பார்க்கிறேன்.

கடைசிக் கப்பல்

ரஜூலாவின் ஓட்டம் 1973-ல் முடிந்தது. அதன் இடத்தில் இந்திய அரசுக் கப்பல் நிறுவனத்தின் சிதம்பரம் ஓடியது. 1975-ல் நன்னா அத்தாவையும் அழைத்துக்கொண்டு அதில் ஊருக்குப் போனார். ஐந்து வயதில் பிரிந்த அக்காவை அத்தா பத்தொன்பது வயதில் பார்த்தார். இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அக்காவின் தமிழ் தம்பிக்குப் பாதி புரியவில்லை. தம்பி பேச்சில் வந்து விழுந்த மலாய்ச் சொற்கள் அக்காவுக்குப் புரியவில்லை. சாப்பாட்டில் உப்பு சரியா என்று மட்டும் அவர் திரும்பத் திரும்பக் கேட்டாராம்.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் கடலில் தீப்பற்றியது. பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு நம் கப்பல் போக்குவரத்து நின்றது. அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அக்கரையோடு இருந்த வழி அடைபட்ட ஆண்டிலேயே, தீவு இந்த நாட்டின் பெருநிலத்தோடு சாலையால் இணைந்தது.

எங்கள் தலைமுறையில் மாற்றங்கள் வேறு விதம். வாடகைக் கட்டுப்பாடு நீங்கி, 2000 ஜனவரி முதல் நகரத்துக்குள் வாடகை பல மடங்கானது. எங்கள் கடையும் சூலியா தெருவை விட்டு வெளியேறியது. 2008-ல் ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரமானது. நன்னா பாய் விரித்துப் படுத்த இடத்தில் இன்று சுற்றுப்பயணிகள் காப்பி குடிக்கிறார்கள். வருத்தப்பட்டுப் பயனில்லை. நகரம் வாழ்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு மாற்றம் வீட்டுக்குள் நடக்கிறது. அரசியலமைப்பின் 160-வது பிரிவு, இஸ்லாமும் மலாய் மொழியும் மலாய் வழக்கமும் உடையவரை மலாய்க்காரர் என்கிறது. முதலாவது நம்மிடம் எப்போதும் உண்டு. மற்ற இரண்டும் படிப்படியாகச் சேர்கின்றன. ஒரே வீட்டில் அண்ணன் பத்திரத்தில் மலாய் என்றும் தம்பி பத்திரத்தில் இந்தியர் என்றும் இருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். கலந்து வாழ்வது குற்றமன்று. ஜாவி பெரானாக்கான் குடும்பங்கள் முன்பே அப்படித்தான் உருவாயின. என் பிள்ளைகள் இந்தக் கட்டுரையைப் படிக்க மாட்டார்கள், நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதுதான் என் கவலை. நன்னாவின் கடிதங்களும் அவர்களுக்கு அப்படியே.

2009-ல் அத்தாவின் அக்கா முதன்முறையாகப் பினாங்கு வந்தார், விமானத்தில். வயது அறுபத்தொன்று. ஊர் சுற்றிக் காட்டப் புறப்பட்டோம். கடைவீதி வேண்டாம், கோம்தார் வேண்டாம், கப்பல் வந்து நிற்கும் இடத்தைக் காட்டுங்கள் என்றார். சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு அழைத்துப் போனோம். சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இம்புட்டுத் தூரந்தானா?” என்றார். பிறகு நன்னா, நன்னியின் கபுருக்குப் போய் யாசீன் ஓதினோம்.

இந்த மலரைப் படிக்கும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். பழைய கடப்பிதழ், கப்பல் சீட்டு, சிவப்பு அட்டை, கடைப் பேரேடு, ஊர்க் கடிதம் எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம். தமிழ் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அவற்றை வாசித்து, யார் யாருக்கு எழுதியது என்று குறித்துவைத்துவிட வேண்டும். அந்த வேலைக்கு வாரம் ஒரு மாலை நேரத்தை நான் தரத் தயாராக இருக்கிறேன்.

நமக்கு முன் சென்ற இக்கரையாரையும் அக்கரையாரையும் வல்ல அல்லாஹ் மன்னித்து, அவர்களுடைய கபுருகளை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.